விதையில்லா எலுமிச்சை: பத்து மரம் வைத்துப் பார்க்கலாம்

தாம்பரத்திற்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, அண்மைக் காலமாக அங்கத்தினர்கள் என்னிடம் தவறாமல் கேட்டுவரும் கேள்வி ஒன்றுண்டு. "விதையே இல்லாத எலுமிச்சை வந்திருக்கிறதாமே! நட்ட இரண்டாம் ஆண்டிலேயே காய்க்குமாமே! ஓர் ஏக்கர் வைத்தால் சங்கத்தில் கடன் கிடைக்குமா?" என்பதே அது. படப்பையிலும் மணிமங்கலத்திலும் தோட்டக்கால் வைத்திருப்போர் கேட்கின்றனர். வீட்டின் முன்பகுதியில் தறியும் பின்புறத்தில் இரண்டு சென்ட் கொல்லையுமாக வாழும் நெசவாளரும் கேட்கின்றனர். தனித்தனியே விடை கூறுவதைவிட எல்லோரும் படிக்கும்படி எழுதுவதே நலமென்று கருதி இதனை எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். வைக்கலாம். ஆனால் ஏக்கர் கணக்கில் வேண்டாம். கடன் வாங்கியும் வேண்டாம். ஒருவர் ஐந்து மரம், மிஞ்சினால் பத்து மரம் என்று வைத்து, ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் கணக்கெழுதிப் பார்த்த பின்னரே பெரிதாக முடிவு செய்யவேண்டும். அதற்குரிய காரணங்களையே இனிக் காண்போம்.

நம் வட்டாரத்து நிலத்தின் நிலைமை யாவரும் அறிந்ததே. வண்டலூர், மண்ணிவாக்கம், மாம்பாக்கம், பொன்மார் எங்கும் வயல்களுக்கு நடுவே மனைக்கற்கள் நிற்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, அதன் சுற்றுப்புறத்தில் நிலம் வைத்திருப்பவர் பயிரைப் பற்றிப் பேசுவதே குறைந்துவிட்டது. எஞ்சியுள்ள பயிர்நிலத்தில் ஒரு பகுதி குத்தகை நிலம். நாட்டு எலுமிச்சையை விதைக்கன்றாக நட்டால் ஒழுங்கான காய்ப்புக்கு நான்கு, ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் அந்த நிலம் யார் கையில் இருக்கும் என்று சொல்லமுடியாத குத்தகைதாரர் எந்தத் துணிவில் மரம் வைப்பார்? ஆகவேதான் "விரைவில் காய்க்கும்" என்ற சொல் அவர் காதில் தேனாகப் பாய்கிறது. ஆசையைக் குறை கூறுவதற்கில்லை. அந்த ஆசையை வைத்து வியாபாரம் செய்வோரும் இருக்கிறார்கள் என்பதே கவலைக்குரியது.

இது எந்தப் பழம்?

நாம் ஊறுகாய்க்கும் சாற்றுக்கும் பயன்படுத்தும் உருண்டையான, மெல்லிய தோலுடைய, மஞ்சள் நிற எலுமிச்சை நம் நாட்டுக்கும் இதற்குக் கிழக்கேயுள்ள நாடுகளுக்கும் உரிய பழமையான இனம். தமிழ்நாட்டில் புளியங்குடி இதற்குப் பெயர்பெற்ற சந்தை. ஆந்திரத்தில் கூடூர்ப் பகுதியும் அவ்வாறே. கோயம்பேட்டுக்கு வரும் மூட்டைகளில் பெரும்பகுதி அந்தத் திசையிலிருந்து வருவன. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் ரகம் இந்த நாட்டினத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட நல்ல ரகமேயாகும், ஆனால் விதையுள்ளது.

இப்போது "விதையில்லா எலுமிச்சை" என்று நாற்றங்கால்களில் விற்கப்படுவதில் பெரும்பகுதி தாஹிதி எலுமிச்சை எனப்படும் வேறோர் இனம். சிலர் இதனைப் பாரசீக எலுமிச்சை என்றும் அழைப்பர். பழம் நாட்டு எலுமிச்சையைவிடப் பெரியது, சற்று நீண்டது, தோல் சிறிது தடித்தது, மரத்தில் முள் மிகக் குறைவு. பறிப்பவர் கையைப் பதம்பார்க்கும் முள் இல்லை என்பதை நான் ஒரு சிறு நன்மையாகக் கருதவில்லை. எலுமிச்சை பறிக்கக் கூலிக்கு ஆள் கிடைக்காததற்கு அந்த முள்ளும் ஒரு காரணம்.

பசிபிக் கடலிலுள்ள தாஹிதித் தீவின் பெயர் இதற்கு வந்தது, 1850-க்கும் 1880-க்கும் இடையில் அங்கிருந்து இது கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதனால்தான். பிறகு அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடாவில் வேரூன்றியது. அங்கு முன்பு பயிரானது நம்முடைய சிறிய எலுமிச்சையேயாகும். 1926-ஆம் ஆண்டின் பெரும்புயலில் அத்தோட்டங்கள் அழிந்தபின் தோட்டக்காரர்கள் தாஹிதிக்கு மாறினர். 1992-இல் ஆண்ட்ரூ என்னும் மற்றொரு புயல் அந்தத் தாஹிதித் தோட்டங்களையும் வீழ்த்தியது. தப்பியவற்றைச் சொறிநோய் ஒழிப்பின் பேரில் அரசாங்கமே வெட்டியது. இன்று அமெரிக்கர்கள் இப்பழத்தை மெக்சிகோவிலிருந்து வாங்குகின்றனர். புயலும் நோயும் ஒரு தோட்டத்தொழிலை எப்படி இடம்பெயர்த்துவிடும் என்பதற்காகவே இதைக் கூறினேன். நம் வட்டாரமும் புயலுக்குப் புதிதன்று.

இதில் ஏன் விதை இல்லை? பொதுவாக எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம் என்னும் மரபிழைகள் ஜோடி ஜோடியாக, இரண்டு தொகுதிகளாக, 18 உள்ளன. பூவில் மகரந்தமும் சூலும் உண்டாகும்போது இந்த ஜோடிகள் பிரிந்து சரிபாதியாகின்றன. தாஹிதியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று தொகுதிகள், அதாவது 27 இழைகள் உள்ளன. மூன்று புரி நூலை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள் என்றால் எந்த நெசவாளரால் இயலும்? சரியாகப் பிரிக்க இயலாமையால் விதை முற்றுவதில்லை. எனினும் மகரந்தச் சேர்க்கையின்றியே காய் பருக்கும் இயல்பு இம்மரத்திற்கு உண்டு. ஆகையால் விதையின்றிக் காய்க்கிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. பக்கத்துத் தோட்டத்தில் நாட்டு எலுமிச்சை இருந்தாலும், தேனீக்கள் எத்தனை வந்தாலும், தாஹிதிப் பழத்தில் விதை வைத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. விதையில்லா மாண்டரின் ஆரஞ்சு சிலவற்றில் இந்த அச்சம் உண்மையானது. கலிபோர்னியாவில் பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தால் விதை வைத்துவிடுகிறதென்று பழத்தோட்டக்காரர்களுக்கும் தேனீ வளர்ப்போருக்கும் பெரும் பிணக்கே நேர்ந்தது. அதனைத் தவிர்க்கவே அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு நிலையத்தார் மொட்டுக்குச்சிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி டாங்கோ என்னும் விதையற்ற ரகத்தை உண்டாக்கி 2006-இல் வெளியிட்டனர்.

இரண்டாவது செய்தி நமக்கு இன்னும் முக்கியமானது. அதனைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

நம் நாட்டிலேயே வேறு விதையற்ற இனங்களும் உள்ளன. அஸ்ஸாமின் காஜி நெமு நீண்ட வடிவமும் நல்ல மணமும் உடையது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. 2024-இல் அம்மாநில அரசு அதனையே மாநிலப் பழமாக அறிவித்தது. மராட்டிய மாநிலத்துத் தாபோலி வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கொங்கண் சீட்லெஸ் கடற்கரைப் பகுதிக்கென்றே வெளியிடப்பட்டது. இவ்விரண்டிலும் சில கன்றுகள் கிடைக்குமாயின் தாஹிதியின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கலாம். பஞ்சாபில் விதை குறைந்த கின்னோவும், நாகபுரியில் விதையற்ற மாண்டரின் ஆரஞ்சும் வந்துள்ளன. அவற்றை இங்கு வைக்கலாமா என்று கேட்போருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஆரஞ்சின் தோல் பொன்னிறம் அடைய இரவுக் குளிர் தேவை. மார்கழியிலும்கூட நம் இரவுகள் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. உள்ளே பழுத்திருந்தாலும் வெளியே பச்சையாக இருக்கும் ஆரஞ்சை நம் சந்தையில் எவரும் தொடமாட்டார். எலுமிச்சைக்கு இந்தத் தடை இல்லை.

இரண்டு மாதமே எல்லாம்

விதையில்லாமையைப் பற்றியே எல்லோரும் பேசுகின்றனர். என் கருத்தில் நம் வட்டாரத்துக்கு அது இரண்டாம் பட்சம். பூத்ததிலிருந்து எத்தனை நாளில் காய் பறிக்கத் தகுதியாகிறது என்பதே முதன்மையானது.

எலுமிச்சையின் விலை ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. பங்குனியில் ஏறத் தொடங்கி, சித்திரையிலும் அக்னி நட்சத்திரத்திலும் உச்சத்தை அடைந்து, ஆடியில் சரிந்துவிடும். 2022 ஏப்ரலில் சில்லறைக் கடைகளில் ஒரு பழம் 10 ரூபாய்க்கு மேல் விற்றதை எவரும் மறந்திருக்கமாட்டார். அப்பொழுது தம் மரத்தில் நூறு பழம் வைத்திருந்தவர் யார்? நம் பகுதியில் அநேகமாக ஒருவருமில்லை. இது சோம்பலால் நேர்ந்ததன்று. நம் மழையின் கணக்கினால் நேர்ந்தது.

நாட்டு எலுமிச்சை பூத்த பின் ஐந்து முதல் ஆறு மாதத்தில் பழமாகும். சித்திரையில் பழம் வேண்டுமென்றால் புரட்டாசி, ஐப்பசியில் பூக்கவேண்டும். அப்படிப் பூக்க, அதற்கு முன்பு சில வாரங்கள் மரம் நீரின்றி வாடி நிற்கவேண்டும். வறண்ட உள்மாவட்டங்களில் பாய்ச்சலை நிறுத்தி மரத்தை வாடவைக்கலாம். நமக்கோ ஆவணியிலும் புரட்டாசியிலும் தென்மேற்குப் பருவத்தின் மாலைமழை விழுகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் தொடங்கிவிடுகிறது. நாம் நீரை நிறுத்தினாலும் வானம் நிறுத்துவதில்லை. தப்பித்தவறிப் பூத்த பூவையும் கார்த்திகை மழை அடித்துவிடுகிறது. வளர்ச்சி ஊக்கிகளைத் தெளித்துப் பூக்கவைக்கும் முறைகளை ஆராய்ச்சி நிலையங்கள் வகுத்துள்ளன. ஐந்து மரக்காரருக்கு அந்தச் செலவு கட்டுமா என்பது ஐயம்.

ஆகவே மழை ஓய்ந்து, மண் சற்றுக் காய்ந்து, தை மாதத்தில் நீர் பாய்ச்சியபின்தான் நம் மரங்கள் நன்றாகப் பூக்கின்றன. தையில் பூத்த நாட்டு எலுமிச்சை ஆனி, ஆடியில்தான் பழமாகிறது. அப்போது ஊரெங்கும் எலுமிச்சை, விலையோ அடிமட்டத்தில்.

தாஹிதி எலுமிச்சை வெப்ப நாடுகளில் பூத்த 90 முதல் 120 நாளில் பறிக்கும் பக்குவத்தை அடைகிறது. பொங்கலையொட்டிப் பூத்தால் சித்திரை நடுவிலிருந்து வைகாசி முற்பகுதிக்குள் பறிக்கலாம் என்பது கணக்கு. இந்த இரண்டு மாத முந்துதலே நமக்கு இதில் உள்ள உண்மையான ஆதாயம். ஆனால் இது கடுதாசிக் கணக்கு. நம் தாம்பரத்து மண்ணில், நம் மழைக்குப் பின், இம்மரம் உண்மையில் தைமாதத்தில் பூக்குமா, மாசி கடந்துதான் பூக்குமா? மாசி இறுதியில் பூத்தால் பழம் ஆனியில் வரும்; ஆதாயத்தில் பாதி போய்விடும். பங்குனி வெயிலில் பிஞ்சு உதிருமா? இவற்றுக்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை; மரத்தில்தான் உள்ளது. இதன்பொருட்டே சோதனை என்கிறேன்.

கன்று வாங்கும்போது

முன்னர்ச் சொல்லாது விட்ட இரண்டாவது செய்திக்கு வருகிறேன். விதையே இல்லாத மரத்தை விதையிலிருந்து வளர்க்க முடியாது. ஆகவே "விதையில்லா எலுமிச்சையின் விதைக்கன்று" என்று ஒன்று உலகத்தில் கிடையாது. இது சின்னஞ்சிறு உண்மை. ஆயினும் நம் அங்கத்தினர் பலர் ஏமாறுவது இங்கேதான். காரணமும் உண்டு. நாட்டு எலுமிச்சையின் விதையில் பெரும்பாலும் தாயைப்போன்றே வளரும் முளைகள் உண்டாவதால், நம் முன்னோர் நல்ல மரத்தின் விதையைப் போட்டே கன்று வளர்த்தனர், அம்முறையில் தவறில்லை. அப்பழக்கத்தினால், நாற்றங்காலில் பாலிதீன் பையில் செழிப்பாக நிற்கும் கன்றைப் பார்த்ததும் இது எப்படி வளர்க்கப்பட்டது என்று கேட்கத் தோன்றுவதில்லை. ஓர் ஊரில் ஒருவர் நாற்பது கன்றுகளை நல்ல விலைக்கு வாங்கி நட்டிருந்தார். ஒன்றிலும் ஒட்டுப்போட்ட வடு இல்லை. பதியன் போட்ட அடையாளமும் இல்லை. நேராக வளர்ந்து முள்ளும் நிறைந்திருந்தது. அவை நாட்டுக் கன்றுகள். காய்க்கும், விதையோடு காய்க்கும். விற்றவர் எவர் என்பதை இங்கு எழுதுவதால் பயனில்லை. ஓர் ஊரில் நடந்தது வேறோர் ஊரிலும் நடக்கலாம்.

பதியனா, ஒட்டா என்பதும் சிந்திக்கவேண்டியது. பதியன் கன்று மலிவு, விரைவிலும் காய்க்கும். ஆனால் அதற்கு ஆணிவேர் கிடையாது. மேல்மண்ணிலேயே வேர் பரவும். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் நம் பகுதியில் எத்தனை மரங்களை வேரோடு சாய்த்தது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். ரங்கபுரி எலுமிச்சை போன்ற வேர்ச்செடியில் ஒட்டிய கன்று சற்று விலை கூடினாலும் நம் பகுதிக்கு அதுவே ஏற்றது என்பது என் எண்ணம். சோதனையில் இரண்டையும் வைத்துப் பார்ப்பதில் தடையில்லை.

நோயைப் பற்றியும் கூறவேண்டும். எலுமிச்சை இனத்தின் கொடிய பகை கிரீனிங் நோய். இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் படர்ந்து, கிளை கிளையாகக் காய்ந்து, மரம் சில ஆண்டுகளில் பயனற்றுப்போகும். தீர்க்கும் மருந்து இல்லை. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் புகழுடன் இருந்த கமலா ஆரஞ்சுத் தோட்டங்கள் நலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். புளோரிடாவில் இது 2005-இல் கண்டறியப்பட்டது; இருபது ஆண்டுக்குள் அங்கு ஆரஞ்சு விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்நோயைப் பரப்புவது ஒரு மிகச் சிறிய சாறுறிஞ்சும் பூச்சி. இந்தப் பூச்சி விரும்பிப் பெருகும் இடங்களில் ஒன்று, நம் வீடுதோறும் கிணற்றடியில் நிற்கும் கறிவேப்பிலை! கறிவேப்பிலையை வெட்டிவிடுங்கள் என்று சொன்னால் இல்லத்தரசிகள் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். ஆனால் எலுமிச்சைக் கன்றை அதன் அருகில் வைக்காதீர்கள். கொழுந்து விடும் காலத்தில் இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள்.

நோய் ஒட்டுக்குச்சி வழியாகவும் வரும். ஆகவே தாய்மரத்தைக் காட்டக்கூடிய நாற்றங்காலில்தான் வாங்கவேண்டும். அரசுத் தோட்டக்கலைப் பண்ணையோ பல்கலைக்கழக நிலையமோ கொடுக்குமாயின் அதுவே மேல். கிடைக்காதென்றால் ஓராண்டு காத்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் இலையிலும் காயிலும் வரும் சொறிநோயைப் பொறுத்தமட்டில் தாஹிதி, நாட்டு எலுமிச்சையைவிடச் சற்றுத் தாங்கும் தன்மையுடையது. நம்மைப்போன்ற மழைப்பகுதிக்கு இது ஒரு நற்செய்தி.

நிலத்தைப் பொறுத்தவரை, எலுமிச்சை வேர் தேங்கும் நீரையும் பொறுக்காது, உப்பையும் பொறுக்காது. 2015 டிசம்பரில் அடையாற்றின் வெள்ளம் நின்ற முடிச்சூர், வரதராஜபுரம் தாழ்நிலங்களில் இதனை வைப்பது வீண்செலவு. பள்ளிக்கரணைச் சதுப்பையொட்டிய களியிலும், பழைய மாமல்லபுரம் சாலைக்குக் கிழக்கே கிணற்றுநீர் கரிக்கும் இடங்களிலும் இது செழிக்காது. செம்மண் கலந்த சரளை மேடுகளே தகுந்தவை. அங்கும் குழியை மண்ணும் மட்கிய எருவும் இட்டு மேடாக உயர்த்தி, அதன்மேல் நடுவது நலம். கன்றுக்குக் கன்று 15 அடியாவது விடவேண்டும்.

வாங்குவார் யார்?

விளைவிப்பதைவிட விற்பதில்தான் பலர் இடறுகின்றனர். நம் மக்களுக்கு எலுமிச்சை என்றால் மஞ்சள், உருண்டை, மெல்லிய தோல், மூக்கருகே கொண்டுசென்றால் கமழும் மணம். அம்மன் கோயில் மாலைக்கும், கல்யாணத் தாம்பூலத்துக்கும், வாகனத்தின் சக்கரத்தடியில் வைப்பதற்கும் அதுவே வேண்டும். சங்கத்தைப் பார்வையிட வரும் அதிகாரிக்குக் கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுப்பது நம் மரபு. அந்த இடத்தில் பச்சை நிறத்தில் முட்டைபோல் நீண்ட ஒன்றை நீட்டினால் அவர் சற்றே திகைப்பார். தாஹிதியைப் பச்சையாக இருக்கும்போதே பறிப்பது வழக்கம். மஞ்சளாகும்வரை மரத்தில் விட்டால் நாள்பட நிற்காது. ஆகவே கோயில் வாசலிலும் காய்கறிக் கூடையிலும் இதற்கு உடனடியாக வரவேற்பு இருக்குமென்று நம்பவேண்டாம். ஊறுகாய்க்கு இது ஒத்துவருமா என்பதை நம் இல்லத்தரசிகள்தாம் போட்டுப்பார்த்துக் கூறவேண்டும். அதுவும் சோதனையின் ஒரு பகுதியாகட்டும்.

இதனை விரும்புவோர் வேறு இடத்தில் உள்ளனர். பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் உள்ள உணவு விடுதிகள், சாற்றுக்கடைகள், கல்லூரி விடுதிகள், கல்யாண மண்டபச் சமையலறைகள் ஆகியவற்றைச் சொல்கிறேன். நாட்டு எலுமிச்சையைப் பிழியும்போது விதை நசுங்கினால் சாறு கசக்கும். விதையை வடிகட்ட ஓர் ஆள் வேண்டும். விதையில்லாப் பழத்தில் இவ்விரு தொல்லையும் இல்லை. ஒரு பழத்தில் வரும் சாறும் அதிகம். ஆனால் இவர்களிடம் ஒருவர் ஐம்பது பழத்தை எடுத்துக்கொண்டுபோய் நின்றால் மதிப்பிருக்காது. வாரந்தோறும் தவறாமல் ஒரே தரத்தில் ஒரு சாக்கு கொடுக்கக்கூடியவரையே அவர்கள் நாடுவர். தனியொருவரால் ஆகாத இக்காரியம் சங்கத்தால் ஆகும்.

எண்ணிக்கையில் விற்பதா, எடையில் விற்பதா என்பதையும் முதலிலேயே தீர்மானிக்கவேண்டும். பழம் பெரியது, எண்ணிக்கையில் விற்றால் லாபம் வாங்குபவருக்கே.

பறிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அதிகாலையில் பனி நனைந்து விறைத்திருக்கும் காயைப் பறித்துச் சாக்கில் அமுக்கினால், அடிமுனை வெடித்து அழுகும்; தோலிலுள்ள எண்ணெய் கசிந்து கறையும் படும். வெயில் ஏறி ஈரம் உலர்ந்த பிறகு, திருகாமல் கத்தரித்து எடுக்கவேண்டும். நம்மவருக்கு அதிகாலையில் பறித்துச் சந்தைக்கு ஓடும் பழக்கம். இந்தப் பழத்துக்கு அப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மரத்துக்கு ஓர் ஏடு

சோதனையை எப்படி நடத்துவது? இதில் நமக்கு வழிகாட்டக்கூடிய பழைய உதாரணம் ஒன்றுண்டு. அதுவும் கூட்டுறவு உதாரணம்.

விதையில்லாத நேவல் ஆரஞ்சு பிரேசிலின் பாகியாவில் தோன்றியது. அதன் கன்றுகளுள் சில 1873-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் எலிசா டிபெட்ஸ் என்னும் அம்மையாருக்குக் கிடைத்தன. அவற்றிலிருந்து மொட்டெடுத்து ஒட்டி ஒட்டியே அம்மாநிலத்தின் தோட்டங்கள் பெருகின. அவருடைய மரங்களுள் ஒன்று இன்றும் அந்நகரில் உயிருடன் நிற்கிறது. பழம் பெருகியதும் தரகர்கள் கைக்குள் சிக்கிய தோட்டக்காரர்கள் 1893-இல் ஒன்றுகூடித் தமக்கென ஒரு விற்பனைச் சங்கம் கண்டனர். அதுவே பின்னர் சன்கிஸ்ட் என்னும் பெயரால் உலகமறிந்தது.

ஆனால் நான் கூறவந்தது விற்பனையை அன்று. சில காலம் சென்றபின், ஒரே தோட்டத்தில், ஒரே ஜாதி என்று நட்ட நேவல் மரங்களில் சில நிறையக் காய்ப்பதும் சில காய்க்காமல் தழைப்பதுமாக இருந்தன. ஷாமெல் என்னும் அரசாங்க ஆராய்ச்சியாளர் மரத்துக்கு மரம் எண் கொடுத்து, ஆண்டாண்டாகக் காயை எண்ணி எழுதினார். உண்மை வெளிப்பட்டது. காய்க்காத மரத்தில்தான் கொழுத்த நீர்ப்போத்துகள் அதிகம். நாற்றங்கால்காரர்கள் கண்ணுக்கு அழகான அந்தப் போத்துகளிலிருந்தே மொட்டெடுத்து வந்தனர்! மலட்டு மரமே அதனால் பல்கிப் பெருகியது. இதையறிந்த கூட்டுறவுச் சங்கத்தார், கணக்கில் தேறிய மரங்களிலிருந்து மட்டும் மொட்டெடுத்து அங்கத்தினருக்கு வழங்கும் பிரிவொன்றையே ஏற்படுத்தினர். விலைகொடுத்து வாங்க முடியாத பொருள் ஒன்றை, வெறும் நோட்டுப் புத்தகத்தால் அவர்கள் பெற்றார்கள்.

நாமும் இதைச் செய்ய இயலும். ஓர் ஊரில் ஐந்து முதல் பத்து அங்கத்தினர் ஒப்புக்கொள்ளட்டும். ஒவ்வொருவரும் ஐந்து விதையில்லாக் கன்றும், பக்கத்திலேயே ஒப்புநோக்க இரண்டு பி.கே.எம். 1 கன்றும் நடட்டும். நாட்டுக் கன்று பக்கத்தில் இல்லாவிட்டால், முந்திப் பழுத்தது ரகத்தாலா, அவ்வாண்டு மழையாலா என்று பிரித்தறிய முடியாது. நிலமில்லாத நெசவாளர் கொல்லையில் இரண்டு மரம் வைத்தாலும் இச்சோதனையில் சேரலாம். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நிற்கும் நாட்களுக்குப் பின்னர் வரும் கோடையில், இரண்டு மரத்துப் பழம் ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று.

கடனைப் பற்றிக் கேட்டோருக்கு: ஐந்து கன்றின் செலவு கைப்பணத்தில் அடங்கும், அதற்குக் கடன் தேவையில்லை. நம் ஊரில் காய்த்த கணக்கு இல்லாத ஒரு மரத்தை நம்பி ஏக்கர் கணக்கில் கடன் கொடுக்கும் நிர்வாகக் குழு, தன் பணத்தையன்று, வைப்பு வைத்திருக்கும் விதவைகளின் பணத்தையும் ஓய்வுபெற்றோர் பணத்தையும் பணயம் வைக்கிறது. நான்கு ஆண்டுக் கணக்கு கையிலிருந்தால் அப்போது மத்தியகாலக் கடனுக்கு நானே பரிந்துரை எழுதுவேன். கன்றுகளைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் நாற்றங்கால்காரரிடம் தாய்மரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமையும் வலுவாகும். ரசீதில் "ஒட்டுக்கன்று, தாஹிதி, விதையற்றது" என்று எழுதி வாங்கவேண்டும். வெறுமனே "எலுமிச்சைக் கன்று" என்று எழுதிய ரசீது நாளை ஒன்றுக்கும் உதவாது.

சங்க அலுவலகத்தில் ஒரே ஓர் ஏடு போதும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பக்கம். நட்ட தேதி, எங்கிருந்து வாங்கியது, ஒட்டா, பதியனா, மழைக்குப்பின் முதல் நீர் பாய்ச்சிய நாள், முதல் பூக் கண்ட நாள், முதல் பறிப்பு நாள், பறிப்புதோறும் எண்ணிக்கை, எடை, விற்ற இடம், கிடைத்த விலை, மருந்து, எரு, கூலிச் செலவு. பூத்த நாளை அந்த வாரத்திலேயே வந்து எழுதவேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதிய தேதியில் பயனில்லை. நம் சோதனையின் உயிரே அந்தத் தேதியில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு முதல் அந்தந்த ஆண்டுப் பொதுக்குழுவில் இவ்வேட்டைப் படித்துக் காட்டலாம். எந்த மரம் மூன்று கோடைகளிலும் வைகாசிக்கு முன்பே காய் கொடுத்தது என்று தெரிந்தால், அடுத்த சுற்றுக்கு ஒட்டுக்குச்சி எடுக்கவேண்டிய மரம் எதுவென்று ஏடே சொல்லிவிடும்.

பட்டுப்போன மரத்தின் பக்கத்தைக் கிழித்துவிடக் கூடாது. எந்த மாதத்தில், எத்தனை நாள் நீர் நின்றபின், எந்தக் கிளையிலிருந்து காயத் தொடங்கியது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவைத்து, நட்டவர் கையொப்பம் வாங்கவேண்டும்.